தை மாதத்து ஆற்றங்கரை: கொசஸ்தலைப் பள்ளத்தாக்கில் முகாம் அமைப்பதற்கான ஆயத்தம்

அம்பத்தூர்–வானகரம் சாலையை ஒட்டிய அயனம்பாக்கத்திலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் பூண்டி நீர்த்தேக்கத்தையும், அதற்கு மேலும் கீழுமாக விரிந்து கிடக்கும் கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கையும் அடைந்துவிடலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்களும் மாணவர்களும் கூடாரமடித்து ஓரிரவைத் திறந்த வெளியில் கழிக்க விரும்பும்போது ஏலகிரியையும் ஏற்காட்டையும் கொல்லிமலையையும் எண்ணிப் பார்க்கிறார்களேயன்றி, மனிதர் தங்கிய தடயம் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் வரை பின்செல்லும் ஓர் ஆற்றுநிலம் புறநகர் ரயிலும் பேருந்தும் எட்டும் தொலைவிலேயே இருப்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அறிந்து புறப்படுவோரும் பெரும்பாலும் கூடாரம், தூங்குபை, அடுப்பு என்று பொருள்களின் பட்டியலிலிருந்தே திட்டத்தைத் தொடங்குகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அது பின்னால் செய்ய வேண்டிய வேலை. ஆற்றில் எந்தத் தண்ணீர் எப்போது எங்கிருந்து வருகிறது, தங்கப்போகும் நிலம் யாருடையது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே மற்றவை பொருள்படும்.

ஆறும் அதன் மதகுகளும்

கொசஸ்தலையாறு ஒரே ஊற்றில் பிறந்து ஒரே வழியில் ஓடும் ஆறு அன்று. அதன் ஒரு கிளை, பாலாற்று நீரைப் பெறும் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரோடு தொடங்கி அரக்கோணம் வட்டாரம் வழியாக வருகிறது. மற்றொரு பெருங்கிளையான நகரியாறு ஆந்திர மாநிலத்தின் மலைச்சரிவுகளில் பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு, கிருஷ்ணாபுரம் அணையைக் கடந்து, பள்ளிப்பட்டு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. திருத்தணிப் பக்கத்திலிருந்து நந்தியாறும் வந்து சேர்கிறது. இவ்வாறு பல திசை நீரும் ஒன்றுகூடும் இந்த நிலப்பரப்பை, அதாவது பெய்யும் மழையனைத்தும் ஓர் ஆற்றை நோக்கியே வடியும் பரப்பை, வடிநிலம் என்று நீரியலார் குறிப்பிடுகின்றனர். பூண்டியைத் தாண்டியதும் ஆறு தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது.

அயனம்பாக்கத்துக்கு இந்த ஆறு அயலானதன்று. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையின் நீர் இரண்டாகப் பிரிகிறது. அணைக்கட்டு என்பது நீரைத் தேக்கி வைக்காமல், அதன் மட்டத்தை மட்டும் உயர்த்திப் பக்கவழியில் திருப்பிவிடும் தாழ்ந்த கல் தடுப்பு. அங்கே பிரியும் ஒரு வழிதான் கூவம். அது ஜமீன் கொரட்டூரில் தன் நீரின் ஒரு பங்கைப் புது பங்காரு கால்வாய் மூலம் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொடுத்துவிட்டு, திருவேற்காடு, நொளம்பூர் வழியாக அயனம்பாக்கத்தின் தெற்கே ஓடுகிறது. நகரத்துக்குள் சாக்கடையாகவே அறியப்பட்டுவிட்ட கூவத்தையும், பூண்டிக்கருகே மணலும் தெளிந்த நீருமாக ஓடும் கொசஸ்தலையையும் ஒரே ஆற்றுக் குடும்பமாகக் காண்பவர்களுக்கு, அங்கே வீசப்படும் ஒவ்வொரு நெகிழிப்பையும் யாருடைய தண்ணீரில் போய்ச் சேரும் என்பது விளங்கும்.

பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காகவே கட்டப்பட்டது. சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் விடாமுயற்சியால் 1940இல் தொடங்கிய பணி 1944இல் நிறைவுற்றது. பின்னர் அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 35 அடி உயரத்துக்கு, 3,231 மில்லியன் கன அடி நீரைத் தேக்கக்கூடிய இந்த நீர்த்தேக்கத்துக்கு மழைநீரோடு, 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே கிருஷ்ணா நீரும் வருகிறது. அந்த நீர் முதன்முதலில் பூண்டியை எட்டியது 1996இல். ஒப்பந்தப்படி ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டி.எம்.சி.யும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 டி.எம்.சி.யும் வர வேண்டும், ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மழையே பெய்யாத மாதத்திலும் கால்வாய் நிறைந்து ஓடக்கூடும் என்பதே முகாமுக்குச் செல்வோர் இதிலிருந்து அறிய வேண்டியது. சரிவான கரைகளும் பிடித்து ஏற இடமின்மையும் கொண்ட அந்தக் கால்வாயில் குளிக்க இறங்குவது, நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்தானது.

முகாமின் பாதுகாப்பு தங்கும் இடத்தின் வானிலையை மட்டும் நம்பியதன்று. பூண்டியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நகரி மலைகளில் பெய்த மழைக்காகக் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டுப் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்குவதும், பூண்டி நிரம்பியதும் மதகுகள் உயர்த்தப்பட்டுக் கீழ்நிலக் கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுவதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மீண்டும் மீண்டும் நிகழ்பவை. 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் இந்த ஆறு எப்படிப் பெருகியது என்பதை மணலிப் புதுநகர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். செய்திகளில் வரும் ‘வினாடிக்கு இத்தனை கன அடி’ என்னும் கணக்கில் ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். ஆயிரம் கன அடி திறக்கப்பட்டால் ஒவ்வொரு வினாடியும் 28,000 லிட்டருக்கு மேற்பட்ட நீர் மணற்படுகையில் இறங்குகிறது என்று பெருக்கிப் பார்த்தவர் படுகையில் கூடாரம் அடிக்கத் துணிய மாட்டார். ஏரிகளின் அன்றாட இருப்பையும் வரத்தையும் வெளியேற்றத்தையும் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்த எண்களைக் குறித்துவருவதும், இருப்பு நிறைவை நெருங்கி வரத்தும் ஏறுமுகமாக இருந்தால் நாளைத் தள்ளிப்போடுவதும் கூடாரம் வாங்குவதைவிட முதன்மையான ஆயத்தங்கள்.

ஏன் தை?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் ஆற்றை ஆள்கின்றன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல் இதற்கு அண்மைச் சான்று. பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை புதர்க்காடுகள் காய்ந்து காட்டுத்தீக் காலம் நிலவுவதால் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறது. அதன் பின்னர் கத்திரி வெயில். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலோ மாலை நேரத்து இடிமழை எந்நாளும் வரலாம். இவற்றையெல்லாம் கழித்தால் எஞ்சுவது பொங்கலுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடைப்பட்ட ஒரு மாதம், ஏறத்தாழ தை மாதம் முழுதும். ஏரிகள் நிறைந்திருக்கும், ஆற்றில் முழங்காலளவு தெளிந்த நீர் இழையோடும், கூழைக்கடாக்களும் வலசை வாத்துகளும் பூண்டியின் சேற்றுக்கரைகளில் கூடியிருக்கும், இரவு இதமான குளிரோடு பனி இறங்கும். மேற்குப் புறநகரில் வாழ்பவர்களுக்கு ஆண்டு முழுவதிலும் வாய்க்கும் ஆகச் சிறந்த திறந்தவெளி இரவுகள் இவையே. காணும் பொங்கலன்று மட்டும் பூண்டி மக்கள் வெள்ளத்தில் மூழ்கிவிடும் என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்து, தையின் பிற்பாதியில் ஒரு சனி, ஞாயிறைத் தேர்ந்துகொள்வது நல்லது.

நிலம் யாருடையது?

பள்ளத்தாக்கின் நிலம் முகாமின் நோக்கில் மூன்று வகைப்படும். ஆற்றுப்படுகையும் ஏரிக்கரையும் அரசுக்குரிய புறம்போக்கு. அவை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை, இரவு தங்குவதற்குரியவை அல்ல. மணல் அள்ளப்பட்ட பகுதிகளில் நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஆழ்குழிகள் இருப்பதாலும் படுகை நம்பத்தகாதது. அடுத்தது காப்புக் காடு. வனச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டு, வனத்துறையின் இசைவின்றி உள்ளே நுழைவதே குற்றமாகும் காடு அது. அல்லிக்குழி மலைத்தொடரின் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது பட்டா நிலம்: மாந்தோப்பும் நெல்வயலும் வேர்க்கடலைக் கொல்லையுமாகத் தனியாருக்கு உரிமையான நிலம். சட்டப்படியும் மனநிறைவோடும் கூடாரம் அடிக்கத்தக்க இடம் இது ஒன்றே. உரிமையாளரின் இசைவைப் பெற்று, சர்வே எண்ணைக் கேட்டு, அது உண்மையிலேயே பட்டா நிலம்தானா என்பதை வருவாய்த் துறையின் இணையவழிப் பதிவிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சரிபார்த்து, ஊராட்சித் தலைவருக்கும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் தெரிவித்துவிட்டால், இரவில் கூடார விளக்கைக் கண்டு ஐயுற்று வரும் ஊர்மக்களே மறுநாள் காலையில் பால் கொண்டுவந்து தருபவர்களாக மாறுவார்கள்.

காட்டுக்குள் இசைவின்றி நுழைவதன் விலையைத் தமிழ்நாடு அறிந்திருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் சென்னையிலிருந்து சென்ற இளம்பெண்கள் பலர். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை, உள்ளூர்ப் பழங்குடியினரும் கிராம இளைஞர்களும் வழிகாட்டிகளாக வர, இணையவழி முன்பதிவுடன் திறந்தது. அவற்றுள் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் ஒன்று என்பது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த நற்பேறு. காலையில் புறப்பட்டுப் பகலிலேயே திரும்பும் நடை அது. ஆகவே பகலில் முன்பதிவோடு குடியம், இரவில் இசைவோடு பட்டா நிலத்தில் கூடாரம் என்று இரண்டையும் பிரித்து வகுப்பதே பொருத்தமானது. நாகலாபுரம், தடா போன்ற எல்லைக்கு அப்பாலுள்ள நீர்வீழ்ச்சிப் பள்ளத்தாக்குகள் ஆந்திர வனத்துறையின் ஆளுகையில் உள்ளவை. தமிழ்நாட்டில் பெற்ற இசைவு அங்கே செல்லாது.

பழைய குடியிருப்பாளர்கள்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் மிகத் தொன்மையான மனித வரலாறு அந்தக் கல்லிலிருந்தே எழுதப்படத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன்பணியாளர் வில்லியம் கிங்கும் பூண்டிக்கருகே அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடப்பதைக் கண்டனர். இருபுறமும் செதுக்கப்பட்டு ஒரு முனை கூராகவும் மறுமுனை கைப்பிடிக்கு ஏற்றதாகவும் அமைந்த கைக்கோடரிகள் அவற்றுள் சிறப்பானவை. ‘சென்னைக் கைக்கோடரி மரபு’ என்று உலகத் தொல்லியல் நூல்களில் இந்த நகரின் பெயர் இடம்பெற்றதற்கு இந்தப் பள்ளத்தாக்கே காரணம். ஃபூட் வாழ்நாளெல்லாம் திரட்டியவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

1930களில் வி. டி. கிருஷ்ணசாமியும், 1960களில் கே. டி. பானர்ஜியும் இங்கே ஆய்வுகளை மேற்கொண்டனர். 1999 முதல் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குழுவினரும் நடத்திய அகழாய்வு ஒன்பது மீட்டர் ஆழம் வரை படிவுகளைத் திறந்தது. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த அவர்களின் முடிவு, கீழ்ப்படிவுக் கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டு, எவ்வளவு குறைத்துக் கணித்தாலும் 10 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை உடையவை என்று காட்டியது. 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, சிறு செதில்களை முன்கூட்டியே வடிவமைத்து எடுக்கும் இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருந்ததை நிறுவி, அத்தகைய திறன் ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பின்னரே இந்தியாவுக்கு வந்தது என்னும் கருத்தை மறுஆய்வுக்கு உள்ளாக்கியது.

அந்த ஆதி மனிதர்கள் தங்கிய இடத்தின் அமைப்பு, இன்று முகாம் தேடுவோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அத்திரம்பாக்கம் இன்று ஆற்றின் விளிம்பில் இல்லை. சற்று விலகி, ஓடையொன்றின் அருகே இருக்கிறது. கருவி செய்வதற்கேற்ற குவார்ட்சைட் என்னும் கடினமான கற்கள், அல்லிக்குழி மலைகளின் கூழாங்கல் திரள்பாறைகளிலிருந்து உதிர்ந்து ஓடைகளில் உருண்டு வந்தன. படிவுகளில் கிடைத்த குதிரை, எருமை இன விலங்குகளின் பற்கள், நீரையும் புல்லையும் நாடி இங்கே மந்தைகள் வந்ததைச் சொல்கின்றன. நீர் எட்டும் தொலைவில், மூலப்பொருள் கைக்கெட்டும் இடத்தில், இரை வந்துபோகும் வழியில் தங்கிய கூட்டம் அது. குடியத்தில் திரள்பாறையின் அடிப்பகுதி தேய்ந்து உருவான பெருங்குகைகள் வெயிலுக்கும் மழைக்கும் கூரையாக நிற்கின்றன. அங்கே ஓர் அம்மன் வழிபாடு இன்றும் நடைபெறுகிறது.

இந்தத் தொன்மை முகாமுக்குச் செல்வோர்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது. அடுப்புக்கு மூன்று கல் தேடி நிலத்தைத் துழாவும் கை எடுப்பது, இங்கே, ஒரு கைக்கோடரியாக இருக்கக்கூடும். அதைப் புகைபடிய வைத்து எரிப்பதும், நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோவதும் ஒன்றுக்கொன்று குறைந்த தவறல்ல. ஒரு கருவி கிடந்த இடமும் படிவும் திசையும் குலைந்துவிட்டால், அறிவியலுக்கு அது வெறும் கல்லாகிவிடும். 2018ஆம் ஆண்டுக் காலக்கணிப்பு, மண்துகள்கள் கடைசியாக ஒளி கண்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அளக்கும் ஒளியுமிழ்வு முறையைச் சார்ந்தது. வெயிலும் நெருப்பும் அந்தத் துகள்களின் கடிகாரத்தைத் தொடக்கநிலைக்குத் திருப்பிவிடும். ஆகவே, தொல்லியல் இடங்களில் பள்ளம் தோண்டுவதும் தீ மூட்டுவதும் எந்நிலையிலும் கூடா. எரிவாயு அடுப்பைக் கொண்டுசெல்வது இதற்கு எளிய தீர்வு. கருவிகளைக் காணும் ஆவலைப் பூண்டியிலுள்ள தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் நிறைவேற்றும். அதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால், பிறகு காலடியில் கிடக்கும் கற்களை மிதிக்கும் விதமே மாறிவிடும்.

இரவுக்கான ஏற்பாடுகள்

கூடாரத்துக்கான இடத்தைப் பகலிலேயே, குறைந்தது மாலை நான்கு மணிக்குள், நடந்து பார்த்துத் தேர்வுசெய்ய வேண்டும். புதர்க்கிளைகளில் சிக்கியிருக்கும் காய்ந்த சருகும் வைக்கோலும் கடந்த வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும். அந்தக் கோட்டுக்கு நன்கு மேலே, வறண்ட ஓடைத்தடத்திலோ தனித்து நிற்கும் பனையின் அடியிலோ இல்லாத மேட்டுநிலம் ஏற்றது. தை மாதம் சம்பா அறுவடைக் காலம் என்பதால் களத்தில் வைக்கோல் போர்கள் நிற்கும். ஒரு தீப்பொறி ஓர் உழவரின் ஆண்டு முழுதுக்குமான மாட்டுத்தீவனத்தை எரித்துவிடும்.

பாம்புகளுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரை அது கடிப்பதும், கடி வலியின்றியே இருப்பதால் உணரப்படாமல் போவதும் உண்டு. அடித்தளத்தோடு தைக்கப்பட்டு முழுமையாக மூடக்கூடிய கூடாரம் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். கடித்துவிட்டால் இறுகக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, பாம்பு முறிவு மருந்து கிடைக்கும் திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்கு விரைவதே செய்யத்தக்கது. பலரும் அறியாத இன்னோர் இடர் உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் பரவும் இந்நோய், வட மாவட்டங்களில் குளிர்மாதங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஏறத்தாழ பத்து நாள்கள் கழித்துக் காய்ச்சல் வரும். உடலில் எங்கேனும் ஒரு கரும்பொருக்கு இருக்கலாம். முகாமுக்குச் சென்றுவந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட்டால், எளிதில் கிடைக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால் நோய் தீரும். சொல்லாமல் விட்டால் அது டெங்கு என்றும் டைஃபாய்டு என்றும் மயங்கி முற்றிவிடக்கூடும். முழுக்கால் உடையும், தரையில் நேரடியாகப் படுக்காமையும் இந்த இடரைக் குறைக்கும். குடியம் பாறைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவதுண்டு. புகை, நறுமணத் தெளிப்பு, கூச்சல் மூன்றும் அங்கே தவிர்க்கப்பட வேண்டியவை.

ஏனைய ஏற்பாடுகள் சிலவே. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வீதம் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லலாம். முதல் இரவுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சோறுமாகக் கட்டுச்சோறு இருந்தால் இருட்டில் சமைக்கும் தொல்லை இல்லை. கழிப்புக்குழி நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டருக்கு அப்பால் அமைய வேண்டும். பூண்டியின் நீர் சென்னையின் குடங்களுக்கே வருகிறது. புதிய கூடாரத்தை மொட்டை மாடியில் ஓரிரவு விரித்துப் படுத்துப் பழகிய குடும்பம், கொல்லையில் தடுமாறாது.

திருவள்ளூர் வரை புறநகர் ரயில், அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து என்னும் அளவுக்கு இந்தப் பள்ளத்தாக்கு எளிதானது. எனினும் இங்கே இரவு தங்க விரும்புவோர் தனியார் ஒருவரின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. குடியத்துக்குப் பகல்நடையை ஒழுங்குற அமைத்துக்காட்டிய அரசு, காப்புக் காட்டுக்கும் தொல்லியல் பரப்புக்கும் வெள்ளக்கோட்டுக்கும் வெளியே, பூண்டி அருங்காட்சியகத்துக்கு அணுக்கமான ஓர் இடத்தில் கழிப்பறையும் குடிநீரும் காவலும் கொண்ட கூடாரத் திடல் ஒன்றை அமைத்தால், மேற்குப் புறநகரின் பள்ளிப் பிள்ளைகள் தம் ஊரின் பழமையை ஓர் இரவேனும் அந்த மண்ணிலேயே தங்கி அறிவார்கள். காட்டையும் பாம்பையும் மூலிகையையும் தலைமுறைகளாக அறிந்த இருளர் மக்கள் இந்த மாவட்டத்தில் கணிசமாக வாழ்கிறார்கள். அத்தகைய திடலின் நடத்துநர்களாகவும் வழிகாட்டிகளாகவும் முதலில் அமர்த்தப்பட வேண்டியவர்கள் அவர்களே.